டின் வெராண்டா, நாலு ஆள்

பேரேட்டில் அப்படித்தான் எழுதியிருக்கிறேன்.
தொண்ணூற்றேழு நவம்பர், அரண்மனை மைதானம்.
லாரி இரண்டு, ஸ்பீக்கர் நாற்பது,
ஜெனரேட்டர் வாடகை தனி.
பெர்த் பக்கத்துப் பையன்கள். வெயிலில் தோலுரிந்த மூக்கு.
சவரிமுத்துவைச் சேவரி ஆக்கினார்கள்,
ஏதோ காராபூந்தி மாதிரி.
"இன்னும் கொஞ்சம், சேவரி!"
ஃபேடர் உச்சியில் முட்டி நிற்கிறது,
அதற்கு மேல் எண் கிடையாது
என்று சொல்ல என் இங்கிலீஷ் போதவில்லை.
கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினேன்.
அவர்களும் காட்டினார்கள்.
ராத்திரி மழை.
பிளாஸ்டிக் ஷீட்டுக்குள் மிக்ஸரைக் கட்டிப்பிடித்திருந்தேன்.
பதினையாயிரம் தொண்டை திருப்பிப் பாடியது
முதுகில் வந்து அறைந்தது.

எட்டு வருஷம் கழித்து ஒரு டெம்போ.
இந்திரா நகரில் மாடி பப், இருநூறு நாற்காலி.
நாலு என்று எழுதி அடித்து, மூன்றாக்கினேன்.
டிரம்மர் ஆட்டுப்பண்ணைக்குப் போய்விட்டானாம்,
அவன் இடத்தில் ஒரு லேப்டாப்.
இடைவேளையில் இரண்டு பேர்
படிக்கட்டில் நின்று கத்திக்கொண்டார்கள்,
எந்தப் பாட்டு யாருடையது என்று.
எனக்கு மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கவில்லை.
சிவாஜி நகர் கடையைத் தம்பியோடு பிரித்த அன்று
எங்கள் வீட்டிலும் இதே சுருதி.

மேடை கழற்றும்போது
திரைக்குப் பின்னால் ஒரு பெடல் கிடந்தது,
பெயின்ட் உதிர்ந்த மஞ்சள் டப்பா.
ஏர்போர்ட்டுக்கு ஓடியிருக்கலாம்.
ஓடவில்லை.
காக்ஸ் டவுன் பாஸ்கா நாடகத்தில்
பூமி நடுங்கும் கட்டத்துக்கு
கிடார் வாசிக்கும் டென்சில் அதை மிதித்தான்.
பங்குச்சாமியின் கண்ணாடி நழுவியது.
அதிலிருந்து வருஷா வருஷம் அதே நடுக்கம்.

போன டிசம்பரில் ஒரு ஆட்டோ போதுமாக இருந்தது.
சர்ச் ஸ்ட்ரீட் காபிக் கடை,
ஒரு ஆம்ப், ஒரு மைக்,
பாடுகிறவன் மட்டும்.
"கொஞ்சம் குறை, சேவரி" என்றான்.
இடது காதில் ஓயாமல் பிரஷர் குக்கராம்.
பழைய பாட்டு, மூச்சு வாங்கி வாங்கி.
ஒவ்வொரு கோரஸுக்கும்
வலது கால் தானாக முன்னால் போய்
வெறும் சிமென்ட்டை மிதித்தது.
கீழே பார்த்துவிட்டு, பாடினான்.

டூல் பையில்தான் இருந்தது பெடல்.
கொண்டுதான் போயிருந்தேன்.
ஜிப்பைப் பாதி திறந்தேன்.
தவக்காலம் வர ஒன்பதே வாரம்.

"பாக்கி எதுவுமில்லை" என்று
தமிழில் எழுதி நீட்டினேன்.
என்ன எழுதியிருக்கிறது என்று கேட்காமல்
கையெழுத்துப் போட்டான்.