சம்பந்தம்

அகஸ்டா, மெய்ன் மாநிலம். பிப்ரவரி.
குழு அறையில் ஹீட்டர்
கிழட்டு நாய்போல் முனகிக்கொண்டிருக்கிறது.
நான் மசோதா எழுதுகிறவள்.
அரைப்புள்ளிக்குச் சம்பளம் வாங்குகிறவள்.

முன்பொரு வருஷம் நான் எழுதிய வாக்கியம்:
இன்சுலினுக்கு மாதம் முப்பத்தைந்து டாலருக்கு மேல்
நோயாளியிடம் வாங்கக் கூடாது.
கைகள் உயர்ந்தன. கைதட்டினார்கள்.
கையெழுத்திட்ட பேனாக்களில் ஒன்றை
எனக்கும் தந்தார்கள்.
அதில் மை இல்லை.

இன்று மைக்கின் முன்னால் ஒடீல் லெவாசர்.
அரூஸ்டுக் பக்கம் உருளைக்கிழங்கு ஆலை,
உறையவைக்கும் பிரிவு, பத்தொன்பது வருஷம்.
பனியில் நாலு மணி நேரம் ஓட்டி வந்திருக்கிறாள்.
பேச்சு ஏதும் எழுதிக் கொண்டுவரவில்லை.
மேஜைமேல் இரண்டு அட்டைகளை வைக்கிறாள்.

ஒன்று அவளுடையது.
மற்றது எதிர்வீட்டு வெர்னாவிடம் இரவல்;
ஆறு பேர் வேலைசெய்யும் டயர் கடையில்
வெர்னா கணக்கு எழுதுகிறாள்.
அதே நீலம். அதே கம்பெனி. அதே பைன் மரச் சின்னம்.

"இவளுக்கு முப்பத்தைந்து.
என் பையனுக்கு இருநூற்றுத் தொண்ணூறு.
ஒரே மருந்துக்கடை, ஒரே வரிசை.
என்ன வித்தியாசம்? சொல்லுங்கள்."

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறார்.
மற்றவர்கள் என்னைப் பார்க்கிறார்கள்.

பதில் அட்டையின் பின்பக்கம், எறும்பு எழுத்தில்:
ஆலையே தன் பணத்தில் நடத்தும் திட்டம்.
நீலக் கம்பெனி வெறும் கணக்குப்பிள்ளை.
அதை மாநிலம் தொடக் கூடாதென்று
எழுபத்து நாலிலேயே
வாஷிங்டனில் எழுதி வைத்துவிட்டார்கள்.

கெட்டவர்கள் எழுதவில்லை, அதையும் சொல்ல வேண்டும்.
முப்பது வருஷம் உழைத்து
பென்ஷன் பெட்டியைத் திறந்தால்
காற்று மட்டும் இருந்தவர்களுக்காக எழுதினார்கள்.
அவர்கள் காசைக் காக்கப் போட்ட வேலி.
வேலி பயிரை மேயவில்லை.
மழையை நிறுத்திவிட்டது.

அந்தச் சட்டத்தில் ஒரு சொல்.
தொழிலாளர் திட்டத்தோடு சம்பந்தப்பட்டதா?
அப்படியானால் மாநிலச் சட்டம் செல்லாது.
சம்பந்தம்.
ஐம்பது வருஷமாக நீதிபதிகள்
அதைச் சுற்றிச் சுற்றி வருகிறார்கள்.
அது எங்கே தொடங்கி எங்கே முடியுமென்று
கல்யாணம் செய்தவர்களைக் கேட்டிருக்கலாம்.
(இன்சூரன்ஸை மாநிலம் ஆளலாம் என்று ஒரு விலக்கு உண்டு.
அந்த விலக்குக்கும் ஒரு விலக்கு உண்டு.
ஒடீல் இருப்பது இரண்டாவதற்குள்.)

இதையெல்லாம் சொன்னேன். முடிந்தவரை எளிமையாக.
கேட்டுவிட்டு அவள் கேட்டாள்:

"அவன் பிறந்தது இந்த மாநிலத்தில்.
நான் வரி கட்டுவது இந்த மாநிலத்துக்கு.
போன மாதம் மயங்கி விழுந்தபோது
தூக்கிப்போனது இந்த மாநில ஆம்புலன்ஸ்.
அவனுக்கும் உங்களுக்கும்
சம்பந்தமே இல்லையா?"

பதிவேட்டில் அந்த இடத்தில்
"மௌனம்" என்று போடும் வழக்கமில்லை.
அடுத்த சாட்சியின் பெயர் இருக்கிறது.

இரவு பத்தரை.
வேறு வழி தேடிக்கொண்டிருக்கிறேன்.
திட்டத்தைத் தொடாமல் விலையைத் தொடுவது;
கடைக்காரரைத் தொடுவது; இடைத்தரகரைத் தொடுவது;
தூங்குகிறவனை எழுப்பாமல்
அவன் தலையணைக்கடியில் சாவி எடுப்பதுபோல்
ஒரு வாக்கியம்.
ஏழாவது முறை அடிக்கிறேன்.

கிளம்பும்போது பார்த்தேன்:
அட்டைகள் இரண்டும் கையில் கலந்துபோயிருந்தன.
எது தன்னுடையதென்று தெரியாமல்
வாசல் விளக்கடியில் நின்று
ஒவ்வொன்றாகத் திருப்பிக்கொண்டிருந்தாள்.