கற்களை இடம் மாற்றிய இரவு

அலமாரி தன் பங்கென்று எடுத்துப்போனான் ஓல்ட்ரிச்.
அது நின்ற தடம் மட்டும் சுவரில்
வெளுக்காத நீலமாய், ஒன்றரை மீட்டர்.
அளந்தேன். அதே நீளத்தில் தொட்டி வாங்கினேன்.

நானூறு லிட்டர்.
எட்டாம் மாடி தாங்குமா என்று கேட்கப் போனால்
"குளியல் தொட்டி நிரப்பும்போது கேட்டீர்களா?" என்றாள்
கட்டட அலுவலகத்துக்காரி, தலை நிமிராமல்.

ஆறு வாரம் மீனில்லை.
கல், மணல், விளக்கு, மோட்டாரின் முனகல்.
இரவுப் பணி முடித்து, டிராமைப் பணிமனையில் விட்டு,
வந்து உட்கார்ந்து வெறுந்தண்ணீரைப் பார்ப்பேன்.
"மீன் எங்கே?" என்பாள் எதிர்வீட்டு யர்மிலா.
"தண்ணீர் இன்னும் பழுக்கவில்லை."
மாடி முழுக்கச் சொல்லியிருப்பாள்.
சோதனைக் குழாயில் சொட்டு விட்டுக் குலுக்குவேன்:
சிவப்பு, சிவப்பு, மறுபடி சிவப்பு.
பிப்ரவரியில் ஒரு விடியலில்
மஞ்சள்.

பெஸ்கிடி மலையிறங்கி ஒஸ்ட்ராவாவுக்கு வரும் எங்கள் குழாய்நீர்
மெத்தென்று இருக்கும், சோப்பை நுரைத்துத் தள்ளும்.
மலாவி ஏரிக்காரர்களுக்கு அது ஆகாது.
சுண்ணாம்பு கரைந்த கடுந்தண்ணீர் வேண்டும்.
சிப்பியை உடைத்து, பழைய காலுறையில் கட்டி
வடிகட்டிக்குள் திணித்தேன்.

ஆறு மீன் போதுமென்றுதான் போனேன்.
சுரங்கம் மூடியபின் கேரேஜில் சிக்லிட் வளர்க்கிறான் பொஹுமில்.
கரி தோண்டிய கை,
வலையைப் பிடித்தால் பஞ்சு.
"ஆறு வாங்கினால் ஐந்து சாகும்.
ஒன்றுக்கொன்று முகம் தெரிந்துவிடும்,
இன்னார்மேல்தான் கோபம் என்று ஆகிவிடும்.
முப்பது விடுங்கள்.
துரத்தும்போதே நடுவில் இன்னொன்று குறுக்கிடும்,
யாரைத் துரத்தினோம் என்பதே மறந்துபோகும்."
எலுமிச்சை மஞ்சளில் பாதி, கொபால்ட் நீலத்தில் பாதி,
ஒன்று அறுபது கொருனா.
மடியில் ஈரப்பைகளோடு
வெகுநாளைக்குப் பிறகு டிராமில் பயணியாக வந்தேன்,
திருப்பத்தில் வேகம் குறைக்காதவனை
வாய்க்குள் வைதபடி.

நீலத்தில் ஒருவன் இடக்கோடிக் குகையை எடுத்துக்கொண்டான்,
மணலை வாரித் துப்பி வாசல் வைத்தான்.

ஏப்ரலில் ஒரு மஞ்சளுக்கு வாய் உப்பியது.
இரை தூவினால் எல்லாம் பாயும்;
அவள் மெல்வதுபோல் தாடையை அசைத்துவிட்டு ஒதுங்குவாள்.
இருபத்துமூன்று நாள் பட்டினி.
உள்ளே முட்டை, பிறகு குஞ்சு, பிறகு கண் திறந்த குஞ்சு.
நீதிமன்றத்தில் நானும் அப்படித்தான் நின்றேன், வாயிறுக்கி.
ஆனால் என் வாயில் ஒன்றுமில்லை.

மே மாதம் இன்னும் எட்டு வாங்கினேன்.
"அப்படியே கொட்டிவிடாதீர்கள்" என்றான் பொஹுமில்.
"விளக்கை அணைத்து, கல்லையெல்லாம் இடம் மாற்றுங்கள்.
பழையதுக்கும் தன் வீடு தெரியக்கூடாது."
தோள்வரை நனைந்து, நள்ளிரவில்,
ஒரு ஊரைக் கலைத்து அடுக்கினேன்.
காலையில் பார்த்தால்
நீலத்தான் இடக்கோடியில் நிற்கிறான்,
இல்லாத குகைக்குக் காவல்.
மதியம் பசித்ததும் அவனும் கூட்டத்தோடு வந்தான்.

ராட்கா போன் செய்தாள்.
ப்ர்னோவில் வாடகை கட்ட முடியவில்லை,
கைக்குழந்தை, இரண்டு பெட்டி,
வியாழக்கிழமை வரட்டுமா அம்மா?
சனிக்கிழமை வா என்றேன்.
அவளுக்குக் கொஞ்சம் வருத்தம்தான், குரலில் தெரிந்தது.

இரண்டு நாள் இழுத்தேன்.
அவள் பழைய அறையை மட்டுமல்ல, என் கட்டிலை,
மேசையை, கோட்டு மாட்டும் கம்பத்தை,
கெட்டிலை, கரண்டிகளின் இழுப்பறையை.
தொட்டியை மட்டும் அசைக்க முடியாது.

சனி இரவு தண்ணீர் குடிக்க எழுந்தவள்
நாற்பது வருட வழியில் நடந்து
முட்டியை இடித்துக்கொண்டேன்.
"யாரது?" என்றாள் ராட்கா இருட்டில்.
குழந்தையும் விழித்துக்கொண்டது.
மேசைவிளக்கை இருவருமே தடவித் தேடினோம்,
பழைய இடத்தில்.