ஈரப்பதம்

நான் வருவது அவர்களுக்கு முந்தாநாளே தெரிந்திருக்கிறது.
ஜீப்புக்கு டீசல் கேட்டு எழுதிய கடிதத்திலேயே
ஊர்ப் பெயர் இருந்ததே.

நீடாமங்கலம் தாண்டி, வெண்ணாற்றுப் பாலத்துக்கு இந்தப்புறம்,
அரிசி ஆலையாக இருந்த கட்டடம்.
அவித்த நெல் காய்ந்த களத்தில்
இப்போது சக்கர நாற்காலிகள்.
கிடங்குச் சுவரில், புதுச் சுண்ணாம்பைத் துளைத்துக்கொண்டு
அட்டி 1, அட்டி 2 என்று பழைய கறுப்பு எழுத்து
மேலே வருகிறது.
அட்டி ஒன்றுக்கு ஆறு கட்டில்.

படிவத்தில் நாற்பத்திரண்டு கேள்வி.
தீயணைப்பான் உண்டா? உண்டு.
நேற்று ஆயுதபூஜை. காலாவதித் தேதியின் மேல்
சந்தனம் அப்பியிருக்கிறார்கள்.
அழைப்பு மணி உண்டா? உண்டு.
அழுத்தினேன். எங்கும் எதுவும் ஒலிக்கவில்லை.
"கரண்ட் இல்லீங்க மேடம்" என்றார் நிர்வாகி.
அவர் தலைக்கு மேல் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.
இரவுப் பணியாளர் பதிவேடு உண்டா?
ஒன்றாம் தேதி முதல் பதினைந்துவரை
ஒரே பேனா, ஒரே சாய்வு.
இன்றைக்குத் தேதி பதினான்கு.

கேட்டால் எல்லோரும் ஒரே சுருதியில் சொல்கிறார்கள்:
சாப்பாடு? நல்லாருக்கு.
கவனிப்பு? நல்லாருக்கு.
பற்களைக் கழற்றி டம்ளரில் போட்டிருந்த ஒரு அம்மாளும்
நிர்வாகியைப் பார்த்துவிட்டு,
நல்லாருக்கு.

நாலாம் அட்டியில் வேதரத்தினம், எழுபத்தெட்டு வயது.
கொள்முதல் நிலையத்தில் பட்டியல் எழுத்தராக இருந்தவர்.
இடுப்புக்குக் கீழே அசைவில்லை.
நான் கேட்கும் முன்பு அவர் கேட்டார்:
"பதம் பாத்தீங்களா?"

விரிப்பு புதிது. கடை மடிப்பு இன்னும் கலையவில்லை.
அதன் அடியில் கை விட்டேன்.
மெத்தை என் கையை உள்ளே வாங்கிக்கொண்டது.
குளிர்ந்த, பல நாள் ஈரம்.
குதிகாலில் வட்டமாக ஒரு புண்;
அதற்கும் புதுப் பஞ்சு.

"முப்பது இருக்கும்" என்றார்.
"பதினேழுக்கு மேல போனா
நெல்லையே திருப்பி அனுப்பிடுவோம்."
கொஞ்சம் பொறுத்து, சுவரைப் பார்த்தபடி:
"மூட்டைக்கு நாப்பது ரூவா குடுத்தா
இருபத்திரண்டும் பதினேழுதான்.
நானும் எழுதியிருக்கேன்."
பிறகு என் பேனாவைப் பார்த்தார்.

போன வருஷம் இதே படிவத்தின் கடைசியில்
திருப்திகரம் என்று எழுதியவள் நான்தான்.
அதற்கு முந்தின வருஷமும்.
யாரும் எனக்கு நாற்பது ரூபாய் தரவில்லை.
மூன்று மணிக்குள் இன்னும் இரண்டு இல்லம் பார்க்கவேண்டியிருந்தது,
அவ்வளவுதான்.

கழிவறைப் பக்கம் ஜெசிந்தா நின்றிருந்தாள்.
"ராத்திரி நான் ஒருத்திதான். நாப்பத்தெட்டு பேரு.
புரட்டிப் போடுறதுக்குள்ள விடிஞ்சிருது.
எம்பேரை எழுதிராதீங்க."
எழுதவில்லை.
சீல் வைத்தால் நாற்பத்தெட்டுப் பேரும் எங்கே போவது
என்ற கேள்வியும் படிவத்தில் இல்லை.

படுக்கை விரிப்பு உண்டா? உண்டு என்றுதான் போடவேண்டும்.
போட்டேன். ஓரத்தில், கட்டத்துக்கு வெளியே,
அட்டி 4: ஈரம். குதிகாலில் புண்.
மணி ஒலிக்கவில்லை. நாளைய கையெழுத்து இன்றே இருக்கிறது.
எழுதி முடிப்பதற்குள்
இரண்டு முறை காபி வந்து ஆறிப்போனது.
நிர்வாகி யாருக்கோ போன் செய்துகொண்டிருந்தார்.

திரும்பும் வழியெல்லாம் தார்ச்சாலையில் பாதி, குறுவை நெல்.
ஜீப் ஒதுங்கி ஒதுங்கி ஊர்ந்தது.
ஒரு பெண் குனிந்து ஒரு மணியை எடுத்துக் கடித்துப் பார்த்துவிட்டு
வானத்தைப் பார்த்தாள்.

அடுத்த தடவை கடிதத்தில் ஊர்ப் பெயர் எழுதமாட்டேன்.
எழுதாவிட்டால் டீசல் கிடையாது.
திருவாரூரிலிருந்து தஞ்சாவூருக்கு
முதல் பஸ் நாலே முக்காலுக்கு.
விரிப்பு மாற்றுவதற்குள்
போய்விடலாம் என்று நினைக்கிறேன்.