சட்டைப்பைக்குள் அடங்குவது

இரண்டு கமரா மேசையில்.
ஒன்று போனின் வாலில் செருகுவது, விலை பாதி.
மற்றது தனியே இயங்குவது,
சவர்க்காரக் கட்டி அளவு,
விழுந்தாலும் பிழைக்குமாம்.
கிளிநொச்சிக் கடையில் நிரோஜன்
பிக்சல் கணக்குச் சொல்லிக்கொண்டிருக்க
நான் என் சட்டைப்பையின் ஆழம் பார்த்தேன்:
பேனை, அளவுநாடா, பனடோல் அட்டை.
இன்னும் கொஞ்சம் இடமிருந்தது.

"ரெண்டையும் கொண்டுபோய்ப் பாருங்கோ சேர்,
திங்கள் சொன்னாப் போதும்."

விசுவமடு. யோகாம்பிகையின் வீடு.
மத்தியானம் போனது என் பிழை.
சுவர், கூரைத் தகரம், முற்றத்து ஆடு
எல்லாம் ஒரே மஞ்சள்.
பொழுதுபட்ட பிறகு திரும்பப் போனேன்.

போனில் செருகியதில் சுவர் வெறும் கலங்கல்.
மற்றதில், ஜன்னலுக்குக் கீழே,
பகல் சூடு இன்னும் இறங்காத வட்டங்கள்.
ஏழு. இல்லை, கதவோரம் இன்னும் இரண்டு.
ஈரமென்றால் நீலம்.
இது அதில்லை.

அவ எட்டிப் பார்த்தா.
"அதுகள் நான் அடைச்சது தம்பி.
ஒரு பை சீமெந்து முடிஞ்சுது.
மூண்டு தரம் பெயின்ற் அடிச்சாச்சு.
நீங்கள் ஒழுக்கைச் சொல்லுங்கோ."

ஒழுக்கு, வளை சுவரில் குந்தும் மூலையில்,
வௌவால் அளவு நீலம்.
குறித்தேன்.
வட்டங்களுக்குப் படிவத்தில் கட்டம் இல்லை.

திங்கள், விலை கூடினதற்குக் காசு கட்டினேன்.
"ஏன் சேர் இது?" என்றான் நிரோஜன்,
பற்றுச்சீட்டைக் கிழித்தபடி.
"ஒழுக்கு நல்லாத் தெரியுது" என்றேன்.