இருக்கலாம்

முதல் வாரம் எனக்கு மேசை கிடைக்கவில்லை.
நியமனக் கடிதத்தில்
'விஞ்ஞான ஆலோசனை, ஆறு மாத இணைப்பு' என்றிருந்தது.
பதுளைக் கச்சேரியின் மேல்மாடியில்
போட்டோக்கொப்பி இயந்திரத்துக்கும்
பழைய வறட்சி நிவாரணக் கோப்புகளுக்கும் நடுவே
ஒரு கதிரை.
மடியில் கணினி. அதற்குள்
ஆறு வருட மண்.

வந்தவர் போனவரெல்லாம்
ஏ-ஃபோர் தாள் எங்கே என்று கேட்டார்கள்.
மூன்றாம் நாளே தெரிந்துவைத்திருந்தேன்.
இந்தக் கட்டடத்தில்
நான் தயங்காமல் பதில் சொன்ன
முதல் கேள்வி.

"நாற்பத்திரண்டு பக்கம், டொக்டர்,"
சுனேத்ரா கண்ணாடியைக் கழற்றினார்.
"சேர் படியேறும் நேரத்துக்குள் வாசிக்க வேண்டும்."
ஒரு பக்கம் ஆக்கினேன்.
வரைபடம் போனது. பிழைவீச்சு போனது.
அரைப்பக்கம் ஆனபோது
'சரியலாம்' என்ற சொல்லும் போகப் பார்த்தது.
பண்டாரவளை பஸ்ஸில் கம்பியைப் பிடிப்பதுபோல்
பிடித்துக்கொண்டேன்.

இரண்டாம் வாரம் முழுக்கக் கூட்டங்கள்.
சிங்களத்தில் தொடங்கி
ஆங்கிலத்தில் தடுக்கி
மாலுபாணில் முடிந்தன.
வீடமைப்பு, வீதி, தோட்ட நிர்வாகம், நாங்கள்:
ஒரே மலை,
நான்கு வரைபடத்தில் நான்கு நிறம்.
தோட்டத்தாரின் வரைபடத்தில்
லயங்கள் இருந்த இடம் வெறும் பச்சை.
எழுந்து நின்று அதைச் சொன்னேன்.
கூட்டக் குறிப்பு வந்ததும் தேடிப் பார்த்தேன்.
'ஆய்வாளரும் கருத்துத் தெரிவித்தார்.'

மூன்றாம் வாரம் ஐப்பசி மழை.
பர்ஸானா சாப்பிடப் போயிருந்தாள்.
தொலைபேசி விடாமல் அடித்தது.
எடுத்தேன்.
மேற்பிரிவு, பதினாலாம் நம்பர் லயம்,
பெயர் பூங்காவனம்.

"குசினிச் செவரு விரிஞ்சிருக்குங்க, வெரல் போகுது.
வாசல்ல புதுசா ஊத்து, கலங்கலா வருது.
நாங்க இங்கனயே இருக்கலாமா,
இல்ல ஆபத்து ஏதும் இருக்குங்களா?"

ஆறு வருடம் பழகிய வாய்
கடைசிக் கேள்விக்கு மட்டும் பதில் சொன்னது:
"இருக்கலாம்."

"நல்லதுங்க."
வைத்துவிட்டார்.

ஒலிவாங்கி கையில் இருக்க
நான் சொன்னதை
அவருடைய காதால் ஒருமுறை கேட்டேன்.
ஆபத்து இருக்கலாம்.
நீங்கள் இருக்கலாம்.

ஐயத்துக்கும் அனுமதிக்கும்
ஒரே விகுதி வைத்திருக்கும் மொழியில்
மலை சரியலாம் என்று எழுதி
அதைக் காப்பாற்றவும் பாடுபட்டிருந்தேன்,
ஏதோ மலை வந்து
என்னிடம் லீவு கேட்டதுபோல.

திரும்ப எடுத்தேன். நான்கு தரமும்
வேறொருவருடன் பேசிக்கொண்டிருந்தார்.
லயம் லயமாக
நல்ல செய்தி போய்க்கொண்டிருந்தது.
ஐந்தாம் தரம்
"போங்க," என்றேன். "இப்பவே. பள்ளிக்கூடத்துக்கு.
பக்கத்துக் காம்பராக்காரங்களையும் கூட்டிக்கிட்டு."
"இருக்கலாம்னீங்களேம்மா?"
"போங்க."

ஏவல் வினை.
என் நியமனக் கடிதத்தில் அது இல்லை.

வெளியேற்றும் உத்தரவு நாலு மணிக்குத்தான் வந்தது.
சுனேத்ரா அதைக் கோப்பில் செருகியபடி,
என் முகத்தைப் பாராமல்,
"உத்தரவுக்கு முந்தியே யாரோ சொல்லியிருக்கிறார்கள்."
"இருக்க..." என்று தொடங்கி
"ஆம். நான்தான்" என்றேன்.
அவர் நேரத்தைக் குறித்துக்கொண்டார்.
அது எனக்குச் சாதகமா பாதகமா
இன்னும் தெரியவில்லை.

நான்கு நாள். மலை அசையவில்லை.
பதினேழு குடும்பம் ஐந்தாம் வகுப்பறையில்.
தோட்டத்துரை கேட்கிறார்,
நாட்சம்பளத்தை விஞ்ஞானம் கொடுக்குமா என்று.
எனக்கு ஒரு மேசை வந்திருக்கிறது,
சன்னலோரம், ஒரு கால் குட்டை.

பூங்காவனம் தினமும் எடுக்கிறார்.
"மலை அப்படியேதாம்மா நிக்குது.
கோழி பட்டினி கெடக்கு.
ஒரு எட்டுப் போய்ட்டு வரவா?"

போகலாமா என்று கேட்கவில்லை.
கவனித்துவிட்டார்.

ஒலிவாங்கியைப் பொத்திக்கொண்டு
மழைமானிக் கணக்கைப் புரட்டுகிறேன்.
அந்தப் பக்கம்
பிள்ளைகள் வாய்ப்பாடு கத்துகிறார்கள்.