ங-வில் தொடங்கும் சொல்

வெள்ளிக்கிழமை மின்வெட்டு பத்து மணிக்கு.
பத்தேகாலுக்குக் குளியலறைப் பின்சுவரில்
இரும்பு அறுக்கும் சத்தம்.
சாட்ஸ்வர்த் ஏழாம் யூனிட்டில்
இந்தச் சத்தம் எல்லாருக்கும் தெரியும்:
கீசரின் செம்புக் குழாய்.
எடை போட்டு வாங்குகிறவன் பாலத்தடியில் இருக்கிறான்.

பூபாலன் டார்ச்சைத் தேடவில்லை.
சுவரில் போல்ட் அடித்த பெட்டியை
இருட்டிலேயே திறந்தார்.
உரிமம் உள்ள துப்பாக்கி. புதுப்பித்த தாள்
என் பிரஷர் மாத்திரைச் சீட்டோடு
ஒரே கிளிப்பில் இருக்கிறது.
நான் பேனிக் பட்டனை அழுத்தினேன்,
மறுபடியும் அழுத்தினேன்.

"ஹம்பா!" என்று கத்தினார்.
நாய்க்கும், பழைய பேட்டரி கேட்டு வருகிறவனுக்கும்,
வேலை உண்டா என்று கேட்டருகே நிற்கிறவனுக்கும்
எங்கள் தெரு வைத்திருக்கும் ஒரே சொல்.
போ.

அவன் பதில் சொன்னான்.
பிறகு வெடி.
பிறகு, அறுந்த குழாயிலிருந்து
தண்ணீர் தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

கதவிலிருந்து அளந்தார்கள்.
மஞ்சள் எண்பலகை ஒன்று, இரண்டு.
மூன்றாவது கொய்யா மரத்தடியில்,
துணி உலர்த்தும் கம்பிக்கு அப்பால்.
பெயர் ம்தோபிசி. பதினெட்டு.
குண்டு எந்தப் பக்கம் நுழைந்தது என்பதை
டாக்டர் எழுதுவார்.

திங்கட்கிழமை படையாச்சி வக்கீல் வந்தார்.
"சட்டம் வீட்டைப் பார்க்காதும்மா,
நொடியைப் பார்க்கும்.
தாக்குதல் நடந்துகொண்டிருந்ததா, முடிந்துவிட்டதா.
வருகிறவனைத் தடுக்கலாம். போகிறவனை..."
பிஸ்கட்டை உடைத்து
ஒரு பாதியைத் தட்டிலேயே வைத்தார்.
"கையில் இருந்தது குழாய் இல்லை, தடி.
இருட்டு. வயதான இரண்டு பேர்.
சரி, அவன் என்ன கத்தினான்?"

"ஹம்பா என்றான்," என்றார் பூபாலன்.
"என் கொல்லையில் நின்றுகொண்டு
என்னைப் போ என்றான்."
வக்கீலின் பேனாவுக்கு அது பிடித்திருந்தது.

பத்தொன்பது வருஷம்
ஜேக்கப்ஸ் சட்டை ஃபேக்டரியில் காலர் தைத்தேன்.
இடப்பக்க மெஷினில் ஸிபோங்கிலே.
ஐந்து மணிச் சங்குக்கு ஊசியைத் தூக்கிவிட்டு
அவள் சொல்வாள்: ங்கியஹம்பா.
போகிறேன்.
நம் வீட்டில் யாரும் சொல்லக் கூடாத சொல்.
நாம் போய் வருகிறவர்கள்;
ஆபரேஷனுக்குத் தள்ளிக்கொண்டு போனபோதும்
அப்பா போயிட்டு வரேன் என்றுதான் சொன்னார்,
வரவில்லை.

கோயில் பின்னறைத் தமிழ் வகுப்பில்
ங எழுதச் சொல்லித் தந்தார்கள்.
இதில் தொடங்குகிற சொல் கிடையாது,
கை பழக எழுது என்றார்கள்.
பக்கம் பக்கமாக எழுதினேன்.
இருக்கிறது.
கதவுக்கும் கொய்யா மரத்துக்கும் நடுவில்
மூச்சிரைக்க ஒரு பையன் சொன்னான்,
"பாபா" என்றும் சேர்த்து.

அவருக்கும் கேட்டிருக்கும்.
கேட்காமலும் இருந்திருக்கலாம்; இடக்காது மந்தம்.
ஈஸ்டருக்கு முன்னால் மூன்று வீடு தள்ளி
லோகம்மாவை இஸ்திரிப்பெட்டி வயரால்
கட்டிப்போட்டுவிட்டுப் போனார்கள்.
அன்றிலிருந்து இவர் சாப்பிடுவதே
கதவைப் பார்த்து உட்கார்ந்துதான்.
அந்தப் பயத்தைப் பொய் என்று நான் சொல்ல மாட்டேன்.
ஆனால் பயம் வாசற்படிவரைதான் வந்தது.
துணிக்கம்பியைத் தாண்டிப் போனது
வேறு எதுவோ.

புதன்கிழமை, ஸ்டேஷன்.
கான்ஸ்டபிள் தெம்பெகிலே
இரண்டு விரலால் தட்டுகிறாள்.
என் பெயரில் ஒரு எழுத்து தப்பு; திருத்தச் சொன்னேன்,
முகம் சுளிக்காமல் திருத்தினாள்.
"இறந்தவர் சொன்னதை
அவர் சொன்ன மாதிரியே சொல்லுங்கள், மா."

வெளியே பூபாலன்
எஞ்சினை அணைக்காமல் காரிலேயே இருக்கிறார்.
நாற்பத்தொரு வருஷம்
எனக்கு முன்னால் ஒரு வாய் சாப்பிட்டதில்லை அவர்.

நாக்கின் அடி
தொண்டையோரம் போய் ஒட்டிக்கொள்கிறது.
அந்த எழுத்து அங்கிருந்துதான் புறப்படும்.
அவள் விரல் விசைமேல் நிற்கிறது.