ஐந்து மைக்ரான்

"எல்லாரும் இதைத்தான் எடுத்துட்டுப் போறாங்க"
எஸ்.பி. ரோட்டுக் கடைக்காரர்
துணிப்பை ஃபில்டரை மேசைமேல் உதறினார்.
ஐந்து மைக்ரான். ஆயிரத்து எண்ணூறு.
ஐந்துக்குக் கீழே இருப்பது எங்கே போகும் என்றேன்.
"அது கண்ணுக்கே தெரியாது சார்."

தெரியாததுதான்
காமாட்சிபாளையத்துப் பட்டறையில்
எம்.டி.எஃப். அறுக்கும் நாளெல்லாம்
டீயின்மேல் ஆடையாய்ப் படிகிறது,
ரசீதுப் புத்தகத்தில் கார்பன் தாளுக்கும் அடியில் போகிறது.
நிங்கப்பா
ஞாயிற்றுக்கிழமையும் இருமுகிறான்.

மடிப்பு மடிப்பாய் உருளை ஃபில்டர் ஒன்று
மூலையில் நின்றது.
ஏழாயிரம் சொல்லி ஆறரைக்கு இறங்கினார்.
வாங்க இருந்த ரம்பப் பிளேடை
மனதுக்குள் திரும்ப அலமாரியில் வைத்தேன்.
மெட்ரோவில் காவலர் கேட்டார், மத்தளமா என்று.

வந்து பொருத்தினால்
இயந்திரத்தின் வாய் அரை விரல் பெரிது.
அந்தச் சந்தில்
ஒரு மைக்ரான் என்ன, மரச்சுருளே போகும்.
நிங்கப்பா ஒன்றும் சொல்லாமல்
பழைய ஸ்கூட்டர் ட்யூபை நீளவாக்கில் கிழித்து
விளிம்பில் சுற்றிக் கிளாம்ப் இறுக்கினான்.

ராத்திரி விளக்கணைத்து
மோட்டார் ஓட ஓட
செல்போன் டார்ச்சை அடித்தேன்.
முன்பெல்லாம் ஒளி ஒரு கட்டையாய் நிற்கும்,
இழைப்புளி வைத்துச் சீவலாம் போல.
இன்று
எதிர்ச்சுவரில் ஒரு வட்டம்.
நடுவே ஒன்றுமில்லை.

ஒன்றுமில்லைக்கு
ஆறாயிரத்து ஐநூறு,
ஜி.எஸ்.டி. தனி.

நிங்கப்பா இருமினான்.
திரும்பிப் பார்த்தேன்.
"இது பழைய ஸ்டாக்" என்றான்.